அப்பா செய்த கொலை மகனின் ரத்தத்தில் இருக்குமா?

கேள்வி இதுதான்: மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. படிப்பு, வேலை, பழக்கவழக்கம் எல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் பையனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவனுடைய அப்பா ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்று உள்ளே போனவர். "அதெல்லாம் ரத்தத்தில் வரும், அவசரப்படாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் இழுக்கிறார்கள். இணையத்தில் தேடினால், 'வாரியர் ஜீன்' (போர்வீரன் மரபணு) என்று ஒன்று கொலைகாரர்களிடம் இருப்பதாகவும், எச்சிலை அனுப்பினாலே சோதித்துச் சொல்லிவிடுவார்கள் என்றும் போட்டிருக்கிறது. இது உண்மையா? பையனைச் சோதனை செய்துகொள்ளச் சொல்லலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மாப்பிள்ளை வீட்டில் கேட்கச் சங்கடமாக இருக்குமே என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சோதனை உங்கள் கவலைக்குப் பதில் சொல்லாது. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஏனென்றால் நீங்கள் படித்ததில் பாதி உண்மை.

நெதர்லாந்தில் நைமேகன் என்று ஓர் ஊர். அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 1978-இல் ஒரு பெண் வந்தார். அவருடைய பிறந்த வீட்டு வழியில் பல ஆண்கள் ஒரே மாதிரி இருந்தார்கள். புத்தி சற்று மந்தம். சின்ன விஷயத்துக்கும் கட்டுக்கடங்காத ஆத்திரம். ஒருவர் வீட்டுக்குத் தீ வைத்தவர். ஒருவர் தன்னைக் கண்டித்த முதலாளி மேல் காரை ஏற்றப் பார்த்தவர். இன்னொருவர், தான் அடைக்கப்பட்டிருந்த விடுதியின் கண்காணிப்பாளரை வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் குத்தியவர். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் 1962-இலேயே இதையெல்லாம் கவனித்து ஒரு வம்சாவளிப் படம் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: பாதிப்பு ஆண்களுக்கு மட்டுமே, ஆனால் அது இறங்கி வந்த வழி பெண்கள். அந்தக் குடும்பத்தின் பெண்கள் எல்லாரும் நன்றாகவே இருந்தார்கள்.

மரபியல் படித்தவருக்கு இது உடனே எக்ஸ் குரோமோசோமைக் காட்டிக்கொடுக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. ஹான் புரூனர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் பல ஆண்டுகள் தேடி, 1993-இல் பழுதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ, சுருக்கமாக எம்.ஏ.ஓ.ஏ என்ற நொதிக்கான மரபணு. அதை எழுதியிருக்கும் டி.என்.ஏ எழுத்துகளில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. நொதியைக் கட்டிக்கொண்டே போகிற செல், அந்த இடத்தில் 'இத்துடன் முற்றும்' என்று படித்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடும். மூளையில் செரோட்டோனின், டோபமைன், நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்கள் வேலை முடிந்தபின் அவற்றை உடைத்து அப்புறப்படுத்துவது இந்த நொதி. இந்த ஆண்களுக்கு அது அறவே இல்லை.

ஆக, ஒரு மரபணு உடைந்தால் மனிதனின் ஆத்திரம் கட்டுமீறலாம். இது மறுக்க முடியாத உண்மை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒரே பழுது உள்ள அந்தக் குடும்பத்து ஆண்களில் ஒருவர் தீ வைத்தார், இன்னொருவர் குத்தினார், வேறொருவர் பெண்கள் முன் அசிங்கமாக நடந்துகொண்டார். எந்தக் குற்றம் என்பதை ஜீன் எழுதவில்லை. அடுத்தது, இது எவ்வளவு அபூர்வம் என்பது. இதே மரபணு பழுதான இரண்டாவது குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத்தான். உலகத்தின் சிறைகள் இந்த நோய்க்காரர்களால் நிரம்பியிருக்கவில்லை. புரூனரே, இதை 'ஆக்ரோஷ ஜீன்' என்று அழைப்பது அர்த்தமற்றது என்று எழுதினார். யார் கேட்டார்கள்!

இந்த நொதியின் கதை எனக்குப் பிடித்தமானது, கொஞ்சம் நின்று போகலாம். 1995-இல் வெளியான ஓர் ஆய்வு. எலியின் மரபணுத் தொகுதியில் வேறொரு மரபணுவைச் செருகப் போய், அது தற்செயலாக எம்.ஏ.ஓ.ஏ-வின் நடுவில் போய் உட்கார்ந்து அதை உடைத்துவிட்டது. அந்த ஆண் எலிகள் வளர்ந்ததும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. குட்டிப் பருவத்தில் அவற்றின் மூளையில் செரோட்டோனின் ஒன்பது மடங்கு வரை ஏறிக் கிடந்தது. சரி, நொதி இல்லாவிட்டால் மூர்க்கம் என்று முடித்துவிடலாமா? முடியாது. 1950-களில் காசநோய்க்காகக் கொடுத்த இப்ரோனியாசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனச்சோர்வையும் போக்கியது. காரணம், அது இந்த நொதிக் குடும்பத்தைத்தான் முடக்குகிறது. அந்த வகை மாத்திரைகளை லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். பாலாடைக்கட்டி சாப்பிட்டால் ரத்த அழுத்தம் எகிறும் என்று எச்சரித்தார்களே தவிர, கொலை செய்வார்கள் என்று யாரும் எச்சரிக்கவில்லை. சிகரெட் பிடிப்பவர்களின் மூளையை 1996-இல் அளந்து பார்த்தபோது, இதே நொதி சராசரியாக 28 சதவீதம் குறைவாக இருந்தது. டீக்கடை வாசலில் நின்று ஊதுகிற அத்தனை பேரும் போர்வீரர்களா என்ன? வளர்ந்த மூளையில் நொதி குறைவது வேறு. கருவிலிருந்தே அது இல்லாமல் மூளை உருவாவது வேறு. மரபணுப் பழுது மூளையைப் பாதிப்பது பெரும்பாலும் அந்த ஆரம்ப காலத்தில்.

இனி 'வாரியர் ஜீன்'. நீங்கள் இணையத்தில் பார்த்தது நெதர்லாந்துக் குடும்பத்துப் பழுது அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் எழுதுகிறார்கள். எம்.ஏ.ஓ.ஏ மரபணுவுக்கு முன்பாக, அதை முடுக்குகிற பகுதியில் முப்பது எழுத்து கொண்ட ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்கு மூன்று முறை, சிலருக்கு நான்கு முறை, அபூர்வமாக வேறு எண்ணிக்கை. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில், மூன்று முறை வரும் வடிவம் நொதியைக் கொஞ்சம் குறைவாகச் செய்கிறது. அவ்வளவுதான். ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் 'குறைந்த' வடிவம் உண்டு. சீன ஆண்களில் பாதிக்கு மேல். மூன்றில் ஒருவரிடம் இருப்பதை வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கப் புறப்படுவது, மீசை வைத்திருப்பவன் திருடன் என்று புறப்படுவது மாதிரி. இன்னொன்று: உயிருள்ள ஆரோக்கியமான ஆண்களின் மூளையில் இந்த நொதியை நேரடியாக அளந்தபோது, மூன்று முறையா நான்கு முறையா என்பதற்கும் நொதியின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

அந்தப் பெயர் 2004-இல் குரங்குகளைப் பற்றிய ஒரு செய்தியில் பிறந்தது. 2006-இல் பிரிஸ்பேனில் நடந்த ஒரு மாநாட்டில், நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் இந்த வடிவம் அதிகம் என்று ஓர் ஆய்வாளர் பேச, மறுநாளே மாவோரிகளின் குற்றங்களுக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகச் செய்தி பரவியது. சீனர்களிடமும் இதே வடிவம் அதிகம் என்பதை அந்தச் செய்திகள் கண்டுகொள்ளவில்லை. நிலம் பறிபோனது, வேலையில்லாதது, போலீஸ் யாரை நிறுத்திச் சோதிக்கிறது என்பதெல்லாம் முப்பது எழுத்துக்குள் அடங்கிவிட்டது.

அதே நியூசிலாந்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வுதான் இந்தத் துறையிலேயே அதிகம் பேசப்பட்டது. டுனெடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களில் 442 ஆண்களை வைத்து 2002-இல் ஒரு முடிவு வெளியானது. குறைந்த வடிவம் இருப்பது மட்டும் எதையும் செய்யவில்லை. ஆனால் குறைந்த வடிவமும் இருந்து, சின்ன வயதில் அடி உதை, புறக்கணிப்பு, பாலியல் கொடுமை என்று சீரழிந்தும் இருந்தால் ஆபத்து ஏறியது. இந்த இரண்டும் சேர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் 12 சதவீதம் மட்டுமே. வன்முறைக் குற்றங்களுக்காக வாங்கிய தண்டனைகளில் 44 சதவீதம் அவர்களுடையது.

இந்த எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள். அதே தட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது: அன்பாக வளர்க்கப்பட்டவர்களில் 'வாரியர் ஜீன்' உள்ளவனும் இல்லாதவனும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஆய்வைச் செய்தித்தாளில் போட்டவர்கள் முதல் பாதியைப் போட்டார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் செய்தி. இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே குழு அடுத்த ஆண்டு மனச்சோர்வுக்கும் வேறொரு மரபணுவுக்கும் இதே பாணியில் ஒரு தொடர்பைச் சொன்னது. பிற்பாடு லட்சக்கணக்கானோரை வைத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. எம்.ஏ.ஓ.ஏ முடிவு அதைவிடக் கொஞ்சம் உறுதியாக நிற்கிறது, ஆண்கள் விஷயத்தில் மட்டும். ஒரு ஜீனைப் பிடித்துக்கொண்டு ஓடும் காலமே இப்போது மலையேறிவிட்டது. இன்று ஒட்டுமொத்த மரபணுத் தொகுதியையும் அலசுகிறார்கள். 2022-இல் 85,359 பேரை வைத்துச் சமூகவிரோத நடத்தைக்காக அலசியதில் உறுதியாகத் தேறியது ஒரே ஓர் இடம். அதன் பங்கும் நூலிழை அளவு. அந்த இடத்தில் இருக்கும் மரபணு, பேச்சுத் திறனுக்குப் பேர்போன ஃபாக்ஸ்பி-2 என்பது தனி வேடிக்கை.

"ஜீனைக் கண்டுபிடிக்காவிட்டால் போகட்டும், அப்பனைப் போல் பிள்ளை என்பது பொய்யா?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கு நேரடியான பதில் டென்மார்க்கில் இருக்கிறது.

டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை உறவினர் அல்லாத வீடுகளுக்குத் தத்துப்போன 14,427 பிள்ளைகளின் பதிவுகளை எடுத்து, பெற்றவர்களின் தண்டனைப் பதிவு, வளர்த்தவர்களின் தண்டனைப் பதிவு, பிள்ளையின் தண்டனைப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1984-இல் முடிவு வந்தது. பெற்றவர், வளர்த்தவர் இருவர் பேரிலும் தண்டனை இல்லாத வீட்டு மகன்களில் 13.5 சதவீதம் பேர் தண்டனை பெற்றிருந்தார்கள். வளர்த்தவருக்கு மட்டும் தண்டனை என்றால் 14.7. பெற்றவருக்கு மட்டும் என்றால் 20. இருவருக்கும் என்றால் 24.5. ஆக, கூடவே இருந்து வளர்க்காத பெற்றவரின் ஏதோ ஒன்று மகனோடு வந்திருக்கிறது. மறுக்க முடியாது, இதை மறுப்பவர்கள் ஆய்வைப் படிக்காதவர்கள்.

ஆனால் அந்த இருபதைத் திருப்பிப் படியுங்கள். பெற்றவர் தண்டனை அடைந்தவராக இருந்தும், நூற்றில் எண்பது மகன்கள் ஒரு வழக்கிலும் தண்டனை பெறவில்லை. உங்கள் கேள்விக்கு இன்னும் முக்கியமானது அடுத்த வரி: இந்தத் தொடர்பு தெரிந்தது திருட்டு முதலான சொத்துக் குற்றங்களில். அடிதடி, கொலை போன்ற வன்முறைக் குற்றங்களில், பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையே நம்பத்தகுந்த தொடர்பை அந்த ஆய்வு காணவில்லை. பெரியவர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ, அதிலேயே ரத்தம் பேசவில்லை.

இரட்டையர், தத்துப்பிள்ளைகள் பற்றிய 51 ஆய்வுகளை 2002-இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்ததில், சமூகவிரோத நடத்தையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 சதவீதம் மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருவதாகக் கணக்கிட்டார்கள். இந்த நாற்பதைத்தான் எல்லாரும் தப்பாகப் படிக்கிறார்கள். 'ஒருவன் செய்த குற்றத்தில் நாற்பது பங்கு ஜீன், அறுபது பங்கு வளர்ப்பு' என்று இதற்குப் பொருள் இல்லை.

இட்லியை வைத்துச் சொல்கிறேன். ஒரு தெருவில் பத்து வீட்டிலும் ஒரே கடையில் மாவு வாங்குகிறார்கள். ஒரு வீட்டு இட்லி பஞ்சு, இன்னொரு வீட்டு இட்லி கல். மாவு ஒன்றுதான் என்பதால் அந்த வேறுபாடு முழுவதும் வேகவைத்த கையினுடையது. மாவின் பங்கு பூஜ்யம் என்று கணக்கு வரும். அதே தெருவில் பத்து வீட்டு மாவையும் வாங்கி, ஒரே கொப்பரையில் ஒரே ஆள் ஊற்றினால், வேறுபாடு முழுவதும் மாவினுடையது. கையின் பங்கு பூஜ்யம். மாவும் மாறவில்லை, கையும் மாறவில்லை; கணக்கு மட்டும் தலைகீழ். எல்லாக் குழந்தைக்கும் பள்ளிக்கூடமும் சாப்பாடும் ஓரளவு சமமாகக் கிடைக்கும் டென்மார்க்கில் வருகிற சதவீதம், அப்படி இல்லாத ஊரில் அப்படியே வராது. ஒரு தனி மனிதனைப் பற்றி அது எதையுமே சொல்லாது.

அதுவும் போக, குற்றம் என்பது என்ன? ரத்த வகை மாதிரி உடம்பில் இருக்கிற பொருளா? 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. முதல் நாள் சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனவன் வாடிக்கைக்காரன். மறுநாள் போனவன் குற்றவாளி. ராத்திரியில் யாருடைய குரோமோசோமும் மாறவில்லை.

இதைவிட அபத்தமான உதாரணம் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உண்டு. குற்றம் பரம்பரையாக வருகிறது என்று நம்பி, மூன்று முறை பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவனுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய 1935-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அதில் ஜாக் ஸ்கின்னர் என்பவர் மாட்டினார். ஒரு முறை கோழி திருடியவர், இரண்டு முறை ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்தவர். அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகளும் இருந்தன: வேலை செய்யும் இடத்தில் பணத்தைக் கையாடியவன், மதுவிலக்கை மீறியவன், வரி ஏய்த்தவன், அரசியல் குற்றம் செய்தவன். கல்லாவில் கைவைக்கும் குமாஸ்தாவின் விந்தில் குற்றம் இல்லை, கோழி பிடிப்பவனின் விந்தில் இருக்கிறது! 1942-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தபோது, இந்தப் பாகுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டது. யாருடைய குற்றத்தை 'ரத்தம்' என்கிறோம், யாருடையதைச் 'சபலம்' என்கிறோம் என்பதில் சட்டம் எழுதியவர்களின் வர்க்கம் தெரிகிறது.

இந்தப் பயம் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வருவதும் புதிதல்ல. 1876-இல் இத்தாலியின் சேசரே லொம்பிரோசோ, குற்றவாளியை மண்டையோட்டிலும் தாடையிலும் காதிலும் கண்டுபிடிக்கலாம் என்று புத்தகம் போட்டார். 1913-இல் இங்கிலாந்தின் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து பார்த்துவிட்டு, அப்படி ஓர் உடல் ஜாதியே இல்லை என்றார். பிறகு குரோமோசோம் வந்தது. 1965-இல் ஸ்காட்லாந்தில், ஆபத்தான மனநோயாளிகளை அடைத்துவைக்கும் கார்ஸ்டெர்ஸ் மருத்துவமனையில் 197 ஆண்களைச் சோதித்ததில் ஏழு பேருக்கு ஓர் ஒய் கூடுதலாக இருந்தது: எக்ஸ்-ஒய்-ஒய். வெளியே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் அது உண்டு. மறு ஆண்டு சிகாகோவில் எட்டுச் செவிலியர் மாணவிகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக் ஓர் எக்ஸ்-ஒய்-ஒய் என்று பத்திரிகைகள் எழுதின. சோதித்துப் பார்த்தால் அவனுக்குச் சாதாரண எக்ஸ்-ஒய். ஆனாலும் பாடப்புத்தகங்களிலிருந்து அந்தப் பொய்யை எடுக்க வெகுகாலம் ஆனது. பாஸ்டனில் பிறந்த குழந்தைகளையெல்லாம் இதற்காகச் சோதித்துப் பின்தொடர ஆரம்பித்தார்கள். 'பிள்ளைக்குக் குற்ற குரோமோசோம்' என்று பெற்றோரிடம் சொன்னால், அந்தப் பிள்ளை எப்படி வளரும் என்று எதிர்ப்புக் கிளம்பி, 1975-இல் சோதனையை நிறுத்தினார்கள்.

அடுத்த ஆண்டு உண்மை வெளிவந்தது, மறுபடியும் டென்மார்க்கிலிருந்து. கோபன்ஹேகனில் பிறந்த உயரமான ஆண்கள் 4,139 பேரைச் சோதித்ததில் 12 பேர் எக்ஸ்-ஒய்-ஒய். அவர்களில் ஐந்து பேருக்குத் தண்டனைப் பதிவு இருந்தது. அதிகம்தான். ஆனால் குற்றங்கள் பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். வன்முறை ஒரே ஒருவர். படிப்பு வராதது, புத்திக்கூர்மை குறைவு ஆகியவற்றோடுதான் அது சேர்ந்து வந்தது. கெட்டிக்காரத் திருடன் மாட்டுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். இந்தப் பேச்சைத் தமிழில் பேசும்போது ஒரு சொல் எனக்குத் தொண்டையில் சிக்கும். 1871-இல் ஆங்கிலேய அரசு போட்ட சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'குற்றம்' உண்டு, 'இனம்' உண்டு. பரம்பரை என்ற சொல் இல்லை. தமிழில் அதை நாம் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்றே சொன்னோம். உள்ளடக்கத்தை அப்படியே உடைத்துச் சொன்ன மொழிபெயர்ப்பு அது. தச்சன் மகன் தச்சன் போல, திருடன் மகன் திருடன் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடித்தளம். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் உள்ளிட்ட பல சமூகங்களில் பிறந்தவர்கள், எதுவும் செய்யாமலே கைரேகை பதிய வேண்டும். பல ஊர்களில் ராத்திரியானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்றவர்கள் மேல் போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள்.

அந்தச் சட்டத்துக்கே அதன் சித்தாந்தத்தில் நம்பிக்கை இல்லை என்பதுதான் விசித்திரம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வளர்க்க 1897-இல் அதில் திருத்தம் கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் இருப்பது இடம் மாற்றினால் போகுமா? போகும் என்று நம்பினால் அது ரத்தத்தில் இல்லை என்றுதானே அர்த்தம்? சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் சட்டம் போனது. அன்று ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், போலீஸ் அதிகாரிகள் எத்தனையோ பேர். இரண்டு தலைமுறையில் ஜீன் மாறாது. சிறை விதிப்புத்தகங்களில் ஒட்டிக்கொண்டிருந்த அதன் எச்சங்களைத் துடைக்க உச்ச நீதிமன்றம் 2024 வரை வர வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் ஒட்டிக்கொண்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

நீதிமன்றங்கள் இந்த ஜீனை என்ன செய்தன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் அதையும் படித்திருப்பீர்கள். ஜார்ஜியாவில் ஸ்டீபன் மோப்ளி என்ற கொலையாளியின் வழக்கறிஞர்கள் 1994-இல் எம்.ஏ.ஓ.ஏ சோதனை கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்தது, 2005-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. 2009-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் மேல்முறையீட்டு நீதிபதி இந்த மரபணுவையும் கணக்கில் எடுத்து, ஒரு கொலையாளியின் தண்டனையில் ஓர் ஆண்டைக் குறைத்தார். அதே ஆண்டு டென்னசியில் பிராட்லி வால்ட்ரூப் வழக்கில் ஜூரிகள் கொலைக்குப் பதில் அதற்குக் குறைந்த குற்றமாகத் தீர்ப்பளித்தார்கள். 32 ஆண்டுகள் சிறை. எனக்கு இதில் உடன்பாடில்லை. புள்ளிவிவரப்படி வன்முறையோடு மிக வலுவாகச் சேர்ந்து வருகிற மரபணுப் பொட்டலம் ஒய் குரோமோசோம்தான். இந்தியச் சிறைகளில் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர். "என் கட்சிக்காரர் ஆணாகப் பிறந்துவிட்டார், தண்டனையைக் குறையுங்கள்" என்று எந்த வக்கீலும் வாதாடுவதில்லை. அதுவும் போக, ஜீன் சாட்சியம் இரண்டு பக்கம் வெட்டும் கத்தி: 'அவனால் முடியவில்லை, விட்டுவிடுங்கள்' என்பதற்கும், 'அவன் மாறவே மாட்டான், விடாதீர்கள்' என்பதற்கும் அதே ஆய்வறிக்கை போதும்.

இப்போது உங்கள் வரன். முதலில் சொன்ன வேடிக்கைக்கு வருகிறேன். எம்.ஏ.ஓ.ஏ இருப்பது எக்ஸ் குரோமோசோமில். அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டுமே. ஆகவே பையனிடம் அந்த வடிவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதற்கும் சிறைக்குப் போன அப்பாவுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நெதர்லாந்து வம்சாவளிப் படத்திலும் அதுதானே! நீங்கள் எச்சிலை அனுப்பினால் சோதிப்பது அந்த அம்மா கொடுத்ததை. உங்கள் வீட்டு ஆண்களையும் கூடவே சோதித்தால், அவர்களில் சிலருக்கும் அதே முடிவு வரக்கூடும். அப்புறம் உங்கள் மகன்களுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

சோதிக்க வேண்டியவை வேறு. அப்பா செய்த கொலை என்ன மாதிரி? வரப்புத் தகராறில் ஒரு நாள் கை ஓங்கியதா, குடிபோதையா, கூலிக்குச் செய்ததா? தீர்ப்பின் நகலை வாங்கி ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்; ஊர்ப்பேச்சைவிட அது நம்பகமானது. கடுமையான மனநோய் காரணமாக நடந்திருந்தால் அது வேறு கதை, அதற்கு மனநல மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். பையன் குடிப்பானா? வேலை செய்யும் இடத்தில் கோபம் வந்தால் என்ன செய்வான்? வீட்டில் பெண்களிடம் எப்படிப் பேசுகிறான்? இதையெல்லாம் அப்பா கலெக்டராக இருக்கிற வரனுக்கும் கேட்க வேண்டும். நாம்தான் கேட்பதில்லை.

அப்புறம் டுனெடின் சொன்ன விஷயம். ஆறு வயதில் அப்பாவை இழந்த பிள்ளை எங்கே வளர்ந்தது, யார் வீட்டில் சாப்பிட்டது, அடிபட்டதா? ஒருவேளை அடிபட்டிருந்தாலும் அதையே அடுத்த முத்திரையாகக் குத்திவிடாதீர்கள். அப்படி வளர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்க வேண்டிய ஆள் இருக்கிறார். ஊரார் வாயை வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கும் சிறைக்கும் நடந்துகொண்டு, ஒரு பிள்ளையை நீங்கள் விரும்பும்படி வளர்த்து நிறுத்தியிருக்கிறார். அந்த அம்மாவை மகளோடு போய் ஒரு முறை பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.